விசில் போடாத குக்கர்

எங்கள் வீட்டில் குக்கர் விசிலடித்து
ஒன்றரை வருஷம் ஆகிறது.
சோறு வடித்துத்தான்.
கஞ்சி விழும் சத்தம்கூட ஆகாதென்று
பக்கெட்டுக்குள் பழைய துண்டைப் போட்டு
அதன்மேல் ஊற்றுகிறேன்.

உள்ளே முத்துராக்கு தூங்குகிறாள்.
பெரியாஸ்பத்திரியில் மகப்பேறு மேற்படிப்பு, இரண்டாம் வருஷம்.
நேற்றுக் காலை எட்டுக்குப் போனவள்
இன்று பத்தரைக்கு வந்தாள்.
கோரிப்பாளையம் சிக்னலில்
பச்சை விழுந்தும் நின்றிருந்தாளாம்.
ஷேர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து
"தாயி, தூங்கிட்டியா?" என்றாராம்.
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து
கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.
"பதினேழு" என்றாள்.
பிறந்தவை.
அதற்கு மேல் நான் கேட்பதில்லை.
கேட்டு, அவள் சொன்ன நாளும் ஒன்றுண்டு.
அன்று இருவருமே சாப்பிடவில்லை.

ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட் ஒட்டியாயிற்று.
காலிங்பெல் ஒயரை உருவியாயிற்று,
மின்வாரியத்தில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாமலா?
ஆனால் செல்லூரை என்ன செய்ய?
"பெரிய வெங்காயம் நாலு கிலோ நூறு" என்று
ஸ்பீக்கர் கட்டிக் குட்டியானை வரும்.
ஒருநாள் பின்னாலேயே ஓடிப்போய்,
"டாக்டரம்மா தூங்குறாங்க,
இந்த நாலு வீட்டுக்கு மட்டும் அமத்துங்கண்ணே" என்றேன்.
அமத்தினார்.
மறுநாள் முதல் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி
மாசமாயிருக்கும் தன் மகளைப் பற்றி
மெதுவாகத்தான்,
ஆனால் அரைமணி நேரம் பேசுகிறார்.

வீடுவீடாக மீட்டர் பார்ப்பது என் வேலை.
எண்ணைப் பார்த்தே வீட்டைச் சொல்வேன்.
இங்கே புது ஏசி.
இங்கே ஆளே இல்லை, கோபித்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம்.
இங்கே வீட்டு இணைப்பில் கடைக்கு மாவாட்டுகிறார்கள்.
எங்கள் வீட்டு மீட்டர்தான்
எனக்கே பிடிபடுவதில்லை.
பகல் முழுக்க ஒரு ஃபேன்,
ராத்திரி முழுக்க வாசலில் ஒரு லைட்.
அவள் வராத ராத்திரியிலும்
அதை ஏன் அணைப்பதில்லை என்று
ஏஇ கேட்டால் என்ன சொல்வேன்?

பன்னிரண்டுக்கு மேல் போன் பண்ணக் கூடாதென்பது
எங்களுக்குள் பேச்சு.
ஒருமுறை மீறினேன். மகிழாவுக்குக் காய்ச்சல் நூற்றிமூன்று.
எடுத்தது ஸ்டாஃப் நர்ஸ்.
"மேடம் லேபர் வார்டுல, இருங்க."
இருந்தேன்.
யாரோ ஒரு பெண் அலறினாள்.
அலறலுக்கு நடுவில் என் மனைவியின் குரல்:
"இன்னும் ஒரே ஒரு முக்கு... என் தங்கம்ல..."
அந்தத் தங்கத்தை
நானும் பிள்ளையும் கேட்டு நாளாகிவிட்டது.
பொறாமைதான், வேறென்ன.
ஆனாலும் போனை வைக்காமல்
சூடான பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு
கேட்டுக்கொண்டே நின்றேன்.
அரைமணி கழித்து மெசேஜ் வந்தது:
"சிரப் நாலரை எம்எல். ஈரத்துணி. அழக் கூடாது."
யார் என்று போடவில்லை.

மணி நாலு.
மகிழா அறைக்கதவைத் தள்ளுகிறாள்.
கீல் கத்தவில்லை,
தேங்காயெண்ணெய் விடச் சொன்னது அவள்தான்.
அம்மாவின் மூக்கடியில் விரல்வைத்து
மூச்சு வருகிறதா பார்க்கிறாள்,
தினமும் பார்ப்பதுதான்.
கண் திறக்காமலே முத்துராக்கு கேட்கிறாள்:
"எத்தன சென்டிமீட்டர்?"

பிள்ளை யோசிக்கிறாள்.
கை இரண்டையும் விரித்து,
அலமாரியில் இடித்து,
இன்னும் கொஞ்சம் விரித்து,
"இவ்ளோ" என்கிறாள்.

"அப்ப நேரமாயிருச்சு"
என்று எழுந்து உட்கார்ந்தவள்
பாதித் தூக்கத்தில்
இரண்டு கையாலும் வாங்குகிறாள் பிள்ளையை,
தலையைத் தாங்கி.